டொரண்டோ குளிர்காலத்தில் பைக்கை எங்கே நிறுத்துவது: கராஜா, கொண்டோ பார்க்கிங்கா, டீலரா?

அக்டோபர் கடைசி நெருங்கினால் டொரண்டோ பக்கம் பைக் வைத்திருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: ஏப்ரல் வரைக்கும் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? ஊரில் ஒரு வண்டி ஆறு மாதம் சும்மா நிற்கிறது என்றால் ஓட்டுகிறவர் வெளிநாடு போயிருக்க வேண்டும், இல்லை கால் உடைந்திருக்க வேண்டும். இங்கே அது வருடா வருடம் நடக்கும் சங்கதி. யாரைக் கேட்டாலும் "ஹீட்டிங் இருக்கிற இடமா பார்த்துப் போடுங்க" என்பார்கள். அதை நம்பி வருடத்துக்கு ஐந்நூறு அறுநூறு டாலர் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த அறிவுரையில்தான் உடன்பாடில்லை.

குளிர் மட்டுமே வண்டியைக் கெடுத்துவிடாது. மைனஸ் இருபதில் நிற்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது, பெயின்ட்டுக்கும் ஆகாது, இன்ஜின் ஆயிலுக்கும் ஆகாது. கெடுப்பவை வேறு: ஈரம், பனி உருகச் சாலையில் போடும் உப்பு, மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல், சார்ஜ் இறங்கிய பேட்டரி, அப்புறம் எலி. இதில் குளிரோடு நேரடிச் சம்பந்தம் உள்ளது பேட்டரி மட்டும்தான், அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆகவே இடம் தேடும்போது நான் முதலில் கேட்பது "அங்கே காய்ந்திருக்குமா?" என்பதுதான். "அங்கே சூடாக இருக்குமா?" என்பது அதற்கு ரொம்பப் பின்னால் வரும். இந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் மலிவான வழிகள் பலவும் திடீரென்று நல்ல வழிகளாகத் தெரிய ஆரம்பிக்கும்.

பேச வசதியாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே வந்தும் என்ஃபீல்டை விடுவதில்லை என்பதால் இன்டர்செப்டர் 650 என்று வைத்துக்கொள்ளலாம். காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் இன்ஜின், ஆகவே கூலன்ட் உறையுமே என்ற கவலை கிடையாது. 13.7 லிட்டர் டேங்க், அது இரும்பு. ஸ்போக் வீல், இரண்டு பக்கமும் நீளமாகப் பளபளக்கும் சைலன்சர், சென்டர் ஸ்டாண்ட் உண்டு. துருவுக்கு விருந்து வைத்த மாதிரி வண்டி, ஆனால் மற்றபடி எளிமையானது. ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது மைனஸ் 37 வரை தாங்கும்.

சொந்த வீடும் கராஜும் இருந்தால் ஆராய்ச்சி எதற்கு, அங்கேயே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலும் சரிதான், ஆனால் காருக்கும் வண்டிக்கும் ஒரே கராஜ் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். ஜனவரியில் 401 நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு வரும் காரின் சக்கர வளைவுக்குள் சாம்பல் நிறத்தில் ஐஸ் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். ராத்திரி கராஜுக்குள் அது ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழுந்து உருகி, தரையில் ஓடி, விடிந்து பார்த்தால் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அவ்வளவும் உப்பு. அந்தத் தண்ணீர் ஆவியாகி அந்த அறைக்குள்ளேயேதான் சுற்றுகிறது. கராஜ் சூடாக இருந்தால் கட்டி சீக்கிரம் உருகும், ஈரம் அதிகமாகும், துருப்பிடிக்கும் வேகமும் கூடும். உப்புப் படிந்த இரும்புக்குக் காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே போதும். அதனால்தான் காரோடு பங்கு போடும் சூடான கராஜைவிட, வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் சூடே இல்லாத கராஜ் எத்தனையோ மேல் என்கிறேன். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பழைய வீடுகள் சிலவற்றில் அப்படிப்பட்ட தனிக் கராஜ் இன்னமும் உண்டு, அதில் பழைய சோபாவையும் உடைந்த டிரெட்மில்லையும் போட்டு வைத்திருப்பார்கள்.

கார் உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால் வண்டியை வீட்டுச் சுவர் பக்கம் உள்ளே தள்ளி, சக்கரத்துக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை போட்டு, காற்றோட்டமுள்ள துணிக் கவரால் மூடுங்கள். உருகிய தண்ணீர் வண்டி நிற்கும் பக்கம் வராமல் தரையில் ஒரு ரப்பர் வரம்பு ஒட்டலாம், அதெல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இன்னொரு விஷயம், சில வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருக்கும். எரியும் தீ உள்ள இடத்தில் பெட்ரோல் ஆவி கசியக்கூடிய எதையும் வைக்காதீர்கள். அதே காரணத்தால்தான் பேஸ்மென்ட்டில் வண்டியை இறக்கி வைக்கும் யோசனையை இங்கே ஒரு வழியாகவே நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது சூடாகவும் காய்ந்தும் இருந்தாலும் சரி.

காய்ந்த கராஜிலும் ஒரு சிக்கல் உண்டு, அது ஜனவரி நடுவில் வரும் திடீர்ச் சூடு. ஒரு வாரம் மைனஸ் பதினைந்து, அப்புறம் ஒருநாள் மழையோடு பிளஸ் ஆறு. உறைந்து கிடக்கும் இன்ஜின்மேல் அந்த ஈரக்காற்று பட்டதும் வண்டி முழுக்க வியர்த்துக் கொட்டும். அன்றைக்குக் கராஜ் கதவைத் திறந்து போட்டுக் காற்றாட விடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், மூடியே இருக்கட்டும். குரோம் பாகங்களிலும் ஸ்போக்கிலும் ஏசிஎஃப்-50 போன்ற துருத்தடுப்பு எண்ணெயை மெல்லிசாகப் பூசியிருந்தால் இந்த வியர்வையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

அப்புறம் எலி. கராஜில் பறவைத் தீனி, நாய்த் தீனி, அரிசி மூட்டை இருந்தால் எலி வரும், வந்தால் அதற்குப் பிடித்த வீடு உங்கள் ஏர் ஃபில்டர் பெட்டிதான். சீட்டுக்கு அடியில் ஒயரிங்கைக் கடித்து வைத்தால் அந்தச் செலவு ஒரு வருட ஸ்டோரேஜ் வாடகையைத் தாண்டிப் போகும். வாசனைக் காகிதம், பெப்பர்மின்ட் எண்ணெய் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நான் நம்புவது பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் உருண்டையை மட்டும்தான். சைலன்சர் வாயிலும் ஏர் பாக்ஸ் வாயிலும் அதைச் செருகி, ஒரு சிவப்பு நாடாவை ஹேண்டில்பாரில் கட்டி விட்டால், ஏப்ரலில் ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க வேண்டும் என்பது நினைவிருக்கும்.

கராஜுக்கு ஆகும் செலவைப் பார்த்துவிடுவோம். பேட்டரி டெண்டர் எனப்படும் மெதுவாகச் சார்ஜ் செய்து தானாக நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் 50 முதல் 80 டாலர், நல்ல கவர் 100 டாலர் சுமார், டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் ஸ்டெபிலைசர் பத்துப் பதினைந்து, ஆயிலும் ஃபில்டரும் 60 முதல் 80. முதல் வருடம் 250 டாலர் போல வரும். இரண்டாம் வருடத்திலிருந்து ஆயில், ஸ்டெபிலைசர் மட்டும்தான், அதுவும் எங்கே நிறுத்தினாலும் ஆகிற செலவு.

சொந்தக் கராஜ் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு விடை நண்பர் வீட்டுக் கராஜ். "அட, கொண்டு வந்து போடு மச்சான், இடம் சும்மாதானே கிடக்கு" என்று ஆகஸ்ட் மாத பார்பிக்யூவில் சொல்லிவிடுவார். டிசம்பரில் அவர் மனைவியின் கார் வெளியே பனியில் நிற்கும்போதுதான் அந்த இடம் சும்மா கிடக்கவில்லை என்று தெரியும். ஆகவே கேட்கும்போதே எந்தத் தேதிக்குக் கொண்டுவருவீர்கள், எந்தத் தேதிக்கு எடுப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள், சாவியை விட்டுவிட்டுப் போங்கள், அவசரத்துக்கு அவர் தள்ளி நிறுத்த முடிய வேண்டும். காசு வாங்க மாட்டார், அதற்காகச் சும்மா விட்டுவிடாதீர்கள். தெரியாதவர்களிடம் கராஜின் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பதும் உண்டு, மாதம் 50 முதல் 100 டாலர் வரை கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு 300 முதல் 600. காய்ந்த இடமாக இருந்து, ஒரு பிளக் பாயின்ட்டும் கிடைத்தால், டீலருக்குக் கொடுப்பதைவிட இது மேல் என்பேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் நேரில் போய்த் தரையைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பூப்பு, சுவரில் ஈரக்கோடு, மூலையில் எலிப்புழுக்கை இருந்தால் தேநீர் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

கொண்டோவில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், இருப்பவர்கள் நிலை கொஞ்சம் குழப்பமானது. அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் சொந்த இடம் இருக்கிறது, உறைநிலைக்கு மேலேதான் பெரும்பாலும் இருக்கும், மழை இல்லை, காற்று இல்லை. பிறகென்ன என்று தோன்றும். மேலே சொன்ன உப்புக் கதையை முந்நூறு காருக்குப் பெருக்கிப் பாருங்கள். எல்லாக் கார்களும் அதே சாய்தளத்தில் இறங்கி அதே உப்புநீரைச் சொட்டிக்கொண்டு போகின்றன, அதே காற்று சுற்றுகிறது. பக்கத்து இடத்தில் நிற்கும் எஸ்யூவி வேகமாகத் திரும்பும்போது சக்கரம் வாரி அடிப்பது உங்கள் செயின் மீதுதான். ஆகவே அங்கே நிறுத்துவதானால் சாய்தளத்துக்குப் பக்கத்து இடமாக இல்லாமல், கீழ்த்தளத்தில் சுவரோரமாக இருந்தால் நல்லது. பக்கத்தில் யாராவது மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால் ஒரு சீசனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விதிகளையும் படியுங்கள். பல கொண்டோக்களில் பார்க்கிங் இடத்தில் நிற்கும் வண்டிக்கு நம்பர் பிளேட்டும் இன்சூரன்ஸும் இருந்தாக வேண்டும், மூடி வைக்கக் கூடாது என்றுகூடச் சில இடங்களில் சொல்வார்கள். லாக்கர் அறையில் பெட்ரோல் உள்ள எதையும் வைக்க முடியாது. தூணில் தெரியும் பிளக் பாயின்ட் பொதுச் சொத்து, அதில் நான்கு மாதம் சார்ஜர் போட்டால் செக்யூரிட்டி வந்து பிடுங்கிவிட்டுச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். ஆகவே பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள், முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். வசந்தம் வந்ததும் பார்க்கிங் தரையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள், அன்று காலைக்குள் எல்லா வண்டியும் வெளியே போயிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு லிஃப்டில் ஒட்டப்படும் சமயம் உங்கள் பேட்டரி மாடியில் இருக்கும், வெளியே ஐந்து டிகிரி இருக்கும். மேனேஜ்மென்ட்டிடம் போன வருடம் எந்த வாரம் கழுவினார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

திருட்டு பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போவது சினிமாவில்தான், நிஜத்தில் இரண்டு மூன்று பேர் தூக்கி வேனுக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஹேண்டில் லாக், டிஸ்க் லாக் இரண்டும் அதற்கு ஒரு தடையே இல்லை. அசைக்க முடியாத ஒன்றோடு சேர்த்துக் கனமான சங்கிலியால் பூட்டினால்தான் பூட்டு. கொண்டோவில் தரையில் துளை போட்டுக் கொக்கி பதிக்க விட மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே விலை கூடின வண்டி வைத்திருப்பவருக்கு அண்டர்கிரவுண்டை நான் சொல்ல மாட்டேன்.

சரி, டீலர். சுற்றுவட்டாரத்தில் நிறைய பைக் கடைகள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வண்டியை வாங்கி வைத்துக்கொள்கின்றன. கடைக்குக் கடை மாறும், சீசனுக்கு 400-லிருந்து 700 டாலர் வரை கேட்கிறார்கள், அதன்மேல் 13 சதவீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி. 500 என்றால் கையை விட்டுப் போவது 565, மூன்று வருடத்துக்கு 1,695. ஆயில் மாற்றுவது, பேட்டரி சார்ஜ், வசந்தத்தில் கழுவிக் கொடுப்பது எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் இருக்கும், வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிற கடையும் உண்டு. கொண்டோவில் இருக்கும், நேரமில்லாத, புது வண்டி வைத்திருக்கும் ஆளுக்கு இது நியாயமான விலைதான். காரே வராத கட்டடம், ஆகவே உப்பு இல்லை. அவர்கள் விளம்பரத்தில் ஹீட்டிங் என்று பெரிதாகப் போடுவார்கள், நான் காசு கொடுப்பதானால் இந்த உப்பில்லாத தரைக்குத்தான் கொடுப்பேன்.

ஆனால் "இன்டோர் ஸ்டோரேஜ்" என்ற இரண்டு வார்த்தைக்குள் என்னென்னவோ அடங்கும். கடையின் பின்கட்டில் ஹேண்டிலோடு ஹேண்டில் உரசும்படி நெருக்கி நிறுத்துகிறார்களா, ராக் போட்டு அடுக்குகிறார்களா, இல்லை ஊருக்கு வெளியே வேறு யாருடைய கிடங்குக்கோ அனுப்பிவிடுகிறார்களா என்று கேளுங்கள். முக்கியமாக, ஷிப்பிங் கன்டெய்னருக்குள் வைக்கிறார்களா என்று கேளுங்கள். சூடு இல்லாத இரும்புக் கன்டெய்னரில் பகலில் வெயில் பட்டு உள்ளே ஈரம் ஏறி, ராத்திரி கூரையின் உள்பக்கம் துளித்துளியாகச் சேர்ந்து, வண்டி மேலேயே சொட்டும். கூரையும் கதவும் பூட்டும் இருந்தும் உள்ளுக்குள் மழை. பேட்டரிக்கு ஒவ்வொரு வண்டிக்கும் தனி டெண்டரா, இல்லை ஒரே சார்ஜரை ஊர்வலமாக எடுத்துக்கொண்டு போவார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று பார்த்தால், பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் உங்கள் இன்சூரன்ஸ்தான் என்று போட்டிருக்கும்.

டீலரிடம் எனக்குள்ள பெரிய குறை ஏப்ரல்தான். முதல் முறை பதினைந்து டிகிரி தொடும் சனிக்கிழமை எல்லோருக்கும் அன்றைக்கே வண்டி வேண்டும். உங்கள் வண்டி ஐம்பது வண்டிக்குப் பின்னால் சுவரோடு நிற்கும், முறை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். இடையில் ஏதாவது ஒரு நல்ல நாளில் எடுத்து ஓட்டலாம் என்ற ஆசையும் நடக்காது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பதின்மூன்றாம் தேதியும் ஒன்டாரியோவின் போர்ட் டோவர் ஊரில் பைக் கூட்டம் சேரும், 1981-லிருந்து நடக்கிற வழக்கம். 2026-ல் அப்படிப்பட்ட வெள்ளி பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நவம்பரிலும் வருகிறது. நவம்பர் 13-க்குப் போயே தீருவேன் என்கிறவர் அக்டோபர் 31-க்குள் ஒப்படைக்கச் சொல்லும் கடையில் பதிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

சாமான் வைக்க மாத வாடகைக்கு விடும் செல்ஃப் ஸ்டோரேஜ் யூனிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை. ஐந்துக்குப் பத்தடி அறை ஒரு வண்டிக்குப் போதும். டொரண்டோ பகுதியில் மாதம் 200 டாலர் என்று வைத்தால்கூட ஆறு மாதத்துக்கு 1,200, வரியோடு 1,356. டீலரைப்போல இரண்டு மடங்குக்கு மேல், பேட்டரியை யாரும் பார்க்க மாட்டார்கள், யூனிட்டுக்குள் பிளக் பாயின்ட் கிடையாது. பல இடங்களில் டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது அல்லது அடியில் கொஞ்சம்தான் இருக்கலாம் என்பார்கள். இரும்பு டேங்குக்கு அது பாதகமான நிபந்தனை, காலி டேங்கின் உள்சுவரில்தான் ஈரம் படிந்து துருப்பிடிக்கும், வேறு வழியில்லை என்றால் முழுக்க வடித்துவிட்டு உள்ளே எண்ணெய் தெளிக்க வேண்டும். ஏற்கனவே வீட்டுச் சாமானுக்காகத் தரைத்தளத்தில் யூனிட் வைத்திருக்கிறீர்கள், ஓரத்தில் இடம் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். கதவு அகலத்தை அளந்துகொண்டு போங்கள், ஹேண்டில்பார் நுழைய வேண்டும்.

வெளியே நிறுத்துவதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். நான் அவ்வளவு சுளிக்க மாட்டேன். பின்கட்டில், வீட்டுச் சுவரின் மறைவில், சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கெட்டியான பலகை மேல், துருத்தடுப்பு எண்ணெய் பூசி, நல்ல கவர் போட்டுக் கட்டிவைத்த பழைய வண்டி ஏப்ரலில் நன்றாகவே எழுந்திருக்கும். கெடுப்பது நீல நிறத் தார்ப்பாய்தான். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், காற்றில் படபடத்துப் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். காற்றோட்டம் உள்ள கவர் வாங்கி, அடியில் பட்டை போட்டு இறுக்குங்கள். அதைவிட நல்லது மடக்குக் கூடாரம்போல வரும் பைக் ஷெல்டர், துணி வண்டியைத் தொடாது, உள்ளே காற்று ஓடும். ஆனால் அதன்மேல் விழும் பனியை அவ்வப்போது தட்டிவிட வேண்டும், 2022 ஜனவரி 17-ல் கொட்டியதுபோல ஒரே நாளில் முழங்கால் அளவு விழுந்தால் அந்தக் கம்பிகள் தாங்காது. கவருக்கு வேறு எதிரி, அது உறைமழை. 2013 டிசம்பர் ஐஸ் புயல் சமயத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மரக்கிளை முதல் கார்க் கதவு வரை எல்லாமே கண்ணாடி ஓட்டுக்குள் இருந்தன. உறைந்த கவரைப் பிய்க்காதீர்கள், தானாக உருகும்வரை விட்டுவிடுங்கள்.

டவுன்ஹவுஸ் டிரைவ்வேயில் நிறுத்துவது வேறு கதை. அங்கே குளிரைவிட மண்வெட்டிதான் பிரச்சினை. பனியை அள்ளிப் போடுகிற ஓரம் எதுவோ, வண்டி நிற்கிற ஓரமும் அதுவாகத்தான் இருக்கும், பிப்ரவரியில் உப்பு கலந்த பனிக்குவியலுக்குள் பாதி புதைந்து கிடக்கும். தெருவிலிருந்து பார்த்தால் கவர் போட்ட வண்டி என்று வேறு தெரிகிறது. பின்கட்டு இல்லாதவருக்கு வெளியே நிறுத்துவது ஒரு வழியே இல்லை.

எங்கே நிறுத்தினாலும் அதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய வேலைகள் ஒரே மாதிரிதான். ஒன்டாரியோ விதிப்படி 2025 முதல் பெட்ரோலில் சராசரியாக 11 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது, 2030-ல் அது 15 ஆகப் போகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்தும் விடலாம். ஆகவே டேங்கை ஃபுல் செய்து ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள், ஸ்டா-பில் என்றால் பத்து லிட்டருக்கு 30 மில்லி கணக்கு, இன்டர்செப்டருக்கு நாற்பது மில்லி சுமார். பங்க்கிலேயே ஊற்றிவிட்டு வீடுவரை ஓட்டி வந்தால் இன்ஜெக்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கார்புரேட்டர் வண்டி என்றால் கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட வேண்டும். ஆயிலை நிறுத்தும் முன்பே மாற்றுங்கள், வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் ஆறு மாதம் பேரிங்குகள் மேல் கிடக்க வேண்டாம். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடவே அடித்து விடுங்கள், குளிரில் தானாகவே இறங்கும்.

பேட்டரி பற்றி ஒரே ஒரு எண் போதும். சார்ஜ் முழுக்க இறங்கிய லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் ஏழு எட்டிலேயே உறையத் தொடங்கும், முழுச் சார்ஜில் இருப்பது மைனஸ் ஐம்பதில்கூட உறையாது. லித்தியம் பேட்டரி மாற்றியிருந்தால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வழக்கம் நம்மிடம் உண்டு, வாரத்துக்கு ஒருமுறை போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது. அண்ணன் தம்பி யாராவது ஊரிலிருந்து போனில் "அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி விடு தம்பி" என்பார்கள். ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவீர்கள், எரிந்த பெட்ரோலின் ஈரம் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும், ஸ்டார்ட்டர் எடுத்த சார்ஜும் திரும்பி வராது. மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு வேறு. அப்படியே விடுங்கள், வண்டி கோபித்துக்கொள்ளாது.

காசு மிச்சம் பிடிக்க நவம்பரில் இன்சூரன்ஸை ரத்து செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இங்கே பைக் பிரீமியம் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கட்டினாலும் கம்பெனிகள் அதைப் பெரும்பாலும் ஓட்டும் சீசனை வைத்தே கணக்குப் போடுகின்றன, நவம்பரில் ரத்து செய்தால் திரும்பி வருவது சொற்பம். அதற்குப் பதிலாகத் திருட்டுக்கும் தீக்கும் பாதுகாப்பு போய்விடும், தொடர்ந்து இன்சூரன்ஸ் வைத்திருந்த வரலாறும் அறுபடும். லோனில் உள்ள வண்டி என்றால் கடன் கொடுத்தவரும் விடமாட்டார். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கட்டணத்தை மாகாணம் 2022 மார்ச்சிலேயே எடுத்துவிட்டது, ஆகவே பிளேட்டைக் கழற்றிக் கொடுத்தும் மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. வண்டி வேறு முகவரியில் நிற்கப் போகிறது என்றால் மட்டும் புரோக்கருக்கு ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள்.

என் வரிசையைக் கேட்டால், தனியான காய்ந்த கராஜ் முதலில், அது உங்களுடையதோ நண்பருடையதோ வாடகையோ. அது கிடைக்காத கொண்டோவாசி, வண்டி புதுசு என்றால், டீலர். வண்டி பழசு, பின்கட்டு இருக்கிறது என்றால் ஷெல்டர் வாங்கி வெளியே. கார் நிற்கும் கராஜும் அண்டர்கிரவுண்டும் அதற்கும் கீழே. நிறுத்தும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாலையைப் பாருங்கள். பனி விழும் முன்பே மாநகராட்சி லாரிகள் உப்புநீர் தெளித்துவிட்டுப் போகும், தாரில் நீள நீளமாக வெள்ளைக் கோடுகள் காய்ந்து கிடக்கும். கோடு விழுவதற்கு முந்தின வாரமே கடைசி ஓட்டத்தை முடித்துக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். டீலர் என்று முடிவானால் செப்டம்பரிலேயே கூப்பிட்டு முன்பணம் கட்டிவிடுங்கள், நல்ல கடைகளில் அக்டோபர் நடுவில் இடம் தீர்ந்துவிடுகிறது. கூப்பிடும்போது கன்டெய்னரா என்று மறக்காமல் கேளுங்கள்.